‘என்ன கமரா?’ எண்டு கேட்கிறவைக்கு

நறுவிலிக்குளத்தில் நாங்கள் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு, ஒரு வீட்டு விறாந்தையில் கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் தொங்கவிட்டிருந்தோம். மொத்தம் இருபத்திரண்டு படங்கள். வந்த வயதானவர்கள் படத்துக்குள் ஆட்களைத் தேடினார்கள். “இது எங்கட பெரியம்மான்ர வளவல்லோ?”, “இந்தக் கிணறு இப்ப தூர்ந்து போச்சே” என்று ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று கதைத்தார்கள். எங்கள் வயதுக்காரர்கள் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “என்ன கமரா மச்சான்?”

நிக்கோன் டி90 என்றோம்.

“அந்தப் பழைய பெட்டியா? ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் எடுங்கோடா. பிறகு பாருங்கோ படத்த.”

இந்தக் கதையை இரண்டு வருஷமாகக் கேட்டுக் களைத்துவிட்டோம். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. இது கமரா விமர்சனம் மாதிரியும் இருக்கும், சண்டை மாதிரியும் இருக்கும். இரண்டுமாகவே வாசியுங்கள். பழைய கமராவுக்கு வக்காலத்து வாங்குவது எங்கள் நோக்கமில்லை. அதன் குறைகளை உங்களைவிட நாங்கள் நன்றாக அறிவோம், ஏனென்றால் அதை வைத்து வேலை செய்கிறவர்கள் நாங்கள். ஆனால் “நல்ல கமரா இல்லை” என்ற சாட்டில் எங்கள் தலைமுறை எதை எல்லாம் எடுக்காமல் விட்டுக்கொண்டிருக்கிறது என்பதை யாராவது சத்தமாகச் சொல்லத்தானே வேண்டும்?

முதலில் பெட்டியைப் பற்றி

டி90 வெளிவந்தது 2008 ஆகஸ்டில். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த காலம் அது. எங்களில் சிலர் அப்போது நேர்சரி. அமெரிக்காவில் லென்ஸ் இல்லாமல் வெறும் உடலுக்கு மட்டும் ஏறத்தாழ 1,000 டொலர் விலை போட்டிருந்தார்கள். வீடியோ எடுக்கிற முதல் டிஎஸ்எல்ஆர் இதுதான். அடுத்த மாதமே கனோன் 5டி மார்க் 2 வந்து அந்தப் பெருமையை முழுசாக அள்ளிக்கொண்டு போனது வேறு கதை.

எங்கள் கைக்கு வந்த டி90 அதற்கு முதல் ஒரு கல்யாணப் படக்காரரிடம் உழைத்தது. எத்தனை தாலி கட்டு, எத்தனை சாமத்தியச் சடங்கு பார்த்ததோ தெரியாது. பிடியில் இருக்கிற இறப்பர் வழண்டு, வெயிலில் கையோடு ஒட்டுகிறது. ஒட்டுப்பசை போட்டுத்தான் வைத்திருக்கிறோம். எங்களுக்கு அதை வாங்கச் செலவான காசு, எங்களில் ஒருவர் வைத்திருக்கிற நடுத்தரப் போனின் விலையைவிடக் குறைவு.

இனி அதால் முடிந்தவற்றைச் சொல்லுகிறோம்.

12.3 மெகாபிக்சல், அதாவது 4,288க்கு 2,848 புள்ளிகள். “பன்னிரண்டு எல்லாம் என்னத்துக்குக் காணும்?” என்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கடுமையான அளவை வைத்தால்கூட, 36 சென்ரிமீற்றருக்கு 24 சென்ரிமீற்றர் படம் வரும். ஏ3 தாளில் அடித்தால் அங்குலத்துக்கு 240க்கு மேல் புள்ளி நிற்கும். விறாந்தையில் கை எட்டும் தூரத்தில் நின்று பார்த்தவர்களில் ஒருவர்கூடப் படம் உடைகிறது என்று சொல்லவில்லை. நீங்கள் 45 மெகாபிக்சலில் எடுத்ததை இன்ஸ்ரகிராம் 1,080 புள்ளி அகலத்துக்குச் சுருக்கித்தான் போடுகிறது. மிச்சம் உங்கள் ஹார்ட் டிஸ்கில் தூங்குகிறது.

அடுத்தது வெயில். எங்கள் ஊரில் காலை ஒன்பது மணிக்கே வெளிச்சம் கண்ணில் குத்தும். குளத்து அலைகரையிலும் வங்காலைப் பக்கத்துச் சதுப்பு வெளியிலும் நண்பகலில் போனைத் தூக்கிப் பாருங்கள். திரையில் உங்கள் முகம்தான் தெரியும். டி90 இன் கண்ணாடிக் குழாய்க்குள் கண்ணை வைத்தால் வெளிச்சம் பிரிசத்தின் வழியாக நேரே கண்ணுக்கு வருகிறது. அங்கே திரையும் இல்லை, தாமதமும் இல்லை. கமராவை ஓன் பண்ணிய கணமே படம் எடுக்கலாம். திரையை ஓடவைக்கத் தேவையில்லாததால் ஒரு பற்றறிக்கு 850 படம் என்று கொம்பனிக் கணக்கு. எங்களுடைய பழைய பற்றறியே கரண்ட் இல்லாத இடங்களில் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

மூன்றாவது, உடலுக்குள் இருக்கிற மோட்டார். நிக்கோனின் மலிவான வரிசைகளில், டி40, டி3000, டி5000 மாதிரி உடல்களில், இந்த மோட்டார் இல்லை. டி90 இல் இருக்கிறது. அதனால் 50 மி.மீ எஃப் 1.8 டி மாதிரியான பழைய லென்சுகள்கூடத் தானாகக் குவியும். யாரோ ஒரு மாமா ஃபிலிம் காலத்தில் வாங்கி அலுமாரிக்குள் போட்ட லென்ஸ் உங்கள் வீட்டிலும் கிடக்கலாம். போய்த் தேடிப் பாருங்கள்.

நாலாவதுதான் எங்களுக்கு முக்கியம். இந்தக் கமரா தன்பாட்டில் யாரையும் வெள்ளையாக்காது. கல்யாணப் படங்களைப் பாருங்கள். பெண்ணின் முகம் மாவு பூசியது மாதிரி, கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். போனில் எடுத்தால் கேட்காமலே தோலை வழித்து மினுக்கி விடுகிறது. கடற்கரையில் நாப்பது வருஷம் வெயில் தின்ற ஒரு அம்மாவின் முகத்தில் இருக்கிற ஒவ்வொரு கோடும் அவவின் சொத்து. அதை அழிக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? டி90 இல் ரோ கோப்பாக எடுத்தால் அந்த முகம் அந்த முகமாகவே வரும். வெள்ளை மணலுக்கு முன்னால் கறுத்த முகம் நிற்கும்போது கமராவின் வெளிச்ச அளவி குழம்பும் என்பது உண்மைதான். முகத்தில் மட்டும் அளவெடுக்கிற ஸ்பொட் முறைக்கு மாற்றிவிட்டு எடுத்தால் சரி. அது பத்து நிமிடத்தில் பழகிக்கொள்ளக்கூடிய விசயம்.

யாருக்காக இந்தப் பயம்?

“இது காணாது” என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது யார்?

யூரியூப்பில் கமரா விமர்சனம் செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு புதுக் கமரா கையில் இருக்கும். போன வருஷம் அற்புதம் என்று சொன்னதை இந்த வருஷம் பழசு என்று சொன்னால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. 2018 இல் நிக்கோனும் கனோனும் தங்கள் முழுச்சட்ட மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கியபிறகு டிஎஸ்எல்ஆர் என்ற வகையே மெல்ல மெல்ல வயதுபோனோர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டது. வியாபாரிகளுக்கு அது நியாயம். கனடாவிலோ யப்பானிலோ மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து மாற்றிக்கொள்கிறவர்களுக்கும் அது நியாயமாக இருக்கலாம்.

எங்களுக்கு? 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சொச்சம். மே மாதத்தில் 360 ரூபா அளவில் நின்றது. இரண்டே மாதத்தில் ஒரு கமராவின் விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதற்குப் பிறகும் லீசிங்கிலும் வட்டிக்கும் காசெடுத்து மிரர்லெஸ் வாங்கிய பெடியள் எங்களுக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொன்னார், “கல்யாண ஓர்டர் பிடிக்கப் போனா முதல் கேக்கிறதே என்ன கமரா எண்டுதான் அண்ணை. படத்த ஒருத்தரும் பாக்கிறேல்ல.” இப்போது அவர் கடன் கட்டுவதற்காகக் கல்யாணம் கல்யாணமாக ஓடுகிறார். தனக்குப் பிடித்த ஒரு படம் எடுத்து ஒரு வருஷமாகிறதாம். அவரை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. அவரைக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் குற்றம் சொல்கிறோம்.

எங்களுடைய குழுவிலேயே ஒரு தங்கச்சி, நல்ல கண் உள்ளவள், ஆறு மாதம் கமராவைத் தொடவில்லை. “என்ர படம் அவங்கட மாதிரிப் பின்னால மங்கலா வருதில்ல” என்றாள். பின்னால் மங்கலாக வராததுதான் அவளது படங்களின் பலமே. ஆளுக்குப் பின்னால் வளவு தெரிகிறது, வேலி தெரிகிறது, வேலியில் காயப்போட்ட வலை தெரிகிறது. இருபது வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு வலைதான் முக்கியமாக இருக்கும்.

எங்கள் பக்கத்துக் குற்றம்

மற்றவர்களை ஏசுவது சுகம். எங்களையும் ஏசவேண்டியிருக்கிறது.

மன்னாரின் கத்தோலிக்கக் கிராமங்களில் கூத்தும் வாசாப்பும் எவ்வளவு ஆழமாக வேர்விட்டவை என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு தொடங்கி விடியும்வரை ஆடியவை. புனிதர்களின் கதைகள், மாதோட்டப் பாங்கு என்றே தனி ராகவழி. எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணாவியார் இருந்தார். கொப்பியைப் பார்க்காமலே விருத்தத்திலிருந்து மங்களம்வரை பாடக்கூடியவர். அவரை இருத்தி முழுவதையும் பதிவு செய்வோம் என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்துவிட்டு என்ன செய்தோம்? “இந்த டி90 வீடியோவுக்குச் சரிவராது, 4கே வேணும்” என்றோம். வெளிநாட்டில் இருக்கிற ஒரு அண்ணாவிடம் கேட்டோம். “பொறுங்கோ, டிசெம்பர் வரேக்க கொண்டு வாறன்” என்றார். டிசெம்பர் போனது. அடுத்த பெருநாளுக்குப் பார்ப்போம் என்றோம். இடையில் அவரைக் கண்டபோதெல்லாம் “எப்பயடா பிள்ளையள் வாறியள்?” என்று கேட்டார். “கமரா வரட்டும் ஐயா” என்றோம்.

கமரா வருவதற்கு முதல் அவர் போய்விட்டார். கொப்பி இருக்கிறது. பாட்டு எழுத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் இழுக்கவேண்டும், எந்த அடியில் மத்தளம் நிற்கவேண்டும் என்பது அவரோடு போய்விட்டது. அவரிடம் பழகியவர்களுக்குப் பாதி தெரியும். மீதியை யாரிடம் கேட்பது?

அன்றைக்கு எங்கள் கையில் டி90 இருந்தது. மூன்று பேரிடம் போன் இருந்தது. போனை அவருக்குக் கிட்ட வைத்துக் குரலைப் பிடித்து, டி90 ஆல் கையையும் முகத்தையும் எடுத்திருந்தால் போதும். 4கே இல்லாததால் அந்தக் குரல் போகவில்லை. நாங்கள் காத்திருந்ததால் போனது. இந்தக் கட்டுரையை எழுத எங்களுக்கு இருக்கிற ஒரே தகுதியும் இந்தத் தவறுதான்.

எதற்குக் காணாது?

அதனால் டி90 எல்லாவற்றுக்கும் காணும் என்று சொல்லமாட்டோம். பொய் சொல்லி ஒரு பழைய சாமானை விற்கிற வேலை எங்களுக்கு வேண்டாம்.

இரவுக்குக் காணாது. ஐஎஸ்ஓ 800 வரை அச்சொட்டாக இருக்கும், 1,600 இல் சமாளிக்கலாம், 3,200 இல் நிழல் எல்லாம் மணல் கொட்டியது மாதிரி. சொரூபப் பவனியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் நடக்கிற ஆட்களை எடுக்கப்போனால் பத்தில் ஏழு படம் அசையும், மிச்சத்தில் இரண்டு குவியாது. எஃப் 1.8 லென்ஸ் கொஞ்சம் கைகொடுக்கும். புதிய கமராக்கள் இந்த இடத்தில் உண்மையாகவே பல படி மேலே. இதில் வாக்குவாதம் இல்லை.

பறக்கிற பறவைக்கு அரைகுறை. குவிக்கிற புள்ளிகள் 11 தான், அதில் நடுப்புள்ளி ஒன்றுதான் குறுக்குவகை, நம்பிக்கையானது. நொடிக்கு 4.5 படம். வங்காலைச் சரணாலயம் எங்கள் அயலில்தான், 4,839 ஹெக்டெயர், 2010 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வாடைக்காலத்தில் பூநாரையும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்குகிற இடம். கூட்டம் எழும்பும்போது நடுப்புள்ளியால் ஒன்றைப் பிடித்துத் தொடர்வதற்குள் அது போய்விடும். புதிய கமரா பறவையின் கண்ணையே தேடிப் பிடிக்கிறது.

ஆனால் இங்கேயும் ஒரு சங்கதி. பத்து மணிக்குப் பிறகு சதுப்புவெளிக்கு மேல் கானல் எழும்பும். அரைக் கிலோமீற்றர் தூரத்தில் நிற்கிற பூநாரை தண்ணிக்குள் கரைகிற மாதிரித் தெரியும். அந்தக் கானலை எந்த விலையான லென்சாலும் வெட்ட முடியாது. விடியப்புறம் ஐந்தரைக்குப் போய்க் குந்தியிருக்கிறவனுக்கு டி90 தருகிற படம், ஒன்பதரைக்கு மோட்டச்சைக்கிளில் வந்து இறங்குகிறவனுக்குப் பத்து லட்சம் ரூபாக் கமரா தராது. இன்னொன்று, நல்ல படத்துக்காகப் பறவைக்குக் கிட்டப்போய்க் கலைக்கிறவனிடம் எந்தக் கமரா இருந்தாலும் அவன் கெட்ட படக்காரன்தான்.

வீடியோவுக்குக் காணவே காணாது. 720 உயரம், நொடிக்கு 24 சட்டம், ஒருமுறைக்கு 5 நிமிடம், ஒற்றைச் செவி ஒலி, எடுக்கும்போது தானாகக் குவியாது. கமராவைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் பனைமரம் எல்லாம் சாய்ந்து வழியும். விடிய விடிய ஆடுகிற கூத்தை ஐந்து ஐந்து நிமிடமாக எடுக்கலாமோ? இந்த வேலையைப் போனிடம் கொடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உப்புக்கும் மண்ணுக்கும் காணாது. உடல் காற்றுப்புகாமல் மூடப்பட்டதல்ல. சோளகம் அடிக்கிற மாதங்களில் கடற்கரையில் லென்ஸ் மாற்றினால் சென்சரில் மண் குந்திவிடும். நாங்கள் வெளியில் லென்ஸ் மாற்றுவதில்லை என்று சட்டமே வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்தால் ஈரத்துணியை இறுக்கிப் பிழிந்து துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைப்போம். அரிசிக்குள் வைக்காதீர்கள். தவிடுதான் உள்ளே போகும்.

வயதுக்கும் காணாது. ஷட்டர் 1,00,000 தடவை அடிக்கும் என்று சோதித்ததாகக் கொம்பனி சொன்னது. எங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. நாளைக்கே நின்றாலும் ஆச்சரியமில்லை. 32 ஜீபிக்கு மேலே மெமறி கார்ட் எடுக்காது. புதிய ஏஎஃப்-பி வகை லென்ஸ் போட்டால் குவியாது. ஒரிஜினல் பற்றறி கிடைப்பது கஷ்டம், சந்தையில் வருகிற போலிகளில் சில ஊதிக்கொள்கின்றன.

கடைசியாக, எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு குறை. இந்தப் பெட்டியைத் தூக்கியவுடன் சனம் விறைத்துவிடுகிறது. எங்கள் ஊர்களில் பெரிய கமராவோடு வந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சண்டைக் காலத்தில் கமரா வைத்திருப்பதே விசாரணைக்குக் காரணம். அதற்குப் பிறகு நிறுவனங்கள் வந்தன. வீட்டுக்கு முன்னால், மலசலகூடத்துக்கு முன்னால், தையல் மெசினுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தார்கள். நாங்கள் முதல்முறை டி90 ஐத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு அம்மா கேட்டா, “எந்த நிறுவனம் தம்பி? பேர் பதியோணுமே?” அன்றைக்கு நாங்கள் படம் எடுக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். மூன்றாம் தடவை போனபோதுதான் கமராவை எடுத்தோம். இந்தக் குறைக்குப் புதிய மொடலில் தீர்வு இல்லை. திரும்பத் திரும்பப் போவதுதான் தீர்வு.

இரண்டு பக்கத்தாருக்கும் ஒரு சொல்லு

“பழசின்ர நிறமே வேற” என்று உருகுகிற ஒரு கூட்டமும் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தின கமராவுக்கு ஆத்மா இருக்கிறது, இப்போதையதற்கு இல்லை என்கிறார்கள். இதுவும் வியாபாரம்தான், மறுபக்கத்து வியாபாரம். ஆத்மா கமராவுக்குள் இல்லை. நாளைக்கு யாராவது எங்களுக்கு ஒரு புதிய மிரர்லெசைத் தந்தால் இரண்டு கையாலும் வாங்குவோம். டி90 ஐ நாங்கள் வைத்திருப்பது காதலால் இல்லை. அது கையில் இருக்கிறது, வேலை செய்கிறது.

“போன் இருக்கேக்க ஏன் இந்தக் கல்லைக் காவுறியள்?” என்கிறவர்களுக்கும் பதில் உண்டு. போனை நாங்களும் பாவிக்கிறோம். ஆனால் போன் பார்த்ததை மட்டும் தருவதில்லை, நினைத்ததையும் சேர்த்துத் தருகிறது. 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் போட்டு, அதைச் சாம்சங் போன் ஒன்றால் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் போன் படத்தில் வந்தன. நிலா என்றால் பரவாயில்லை. எங்கள் கரையைப் பற்றிய படம் என்றால்?

இங்கேதான் விசயம் விளையாட்டில்லாமல் போகிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. 2025 இல் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனம் வீதிக்கு வந்தது. “முந்தி இந்த இடத்தில் மழைத்தண்ணி எப்படி ஓடினது? கரை எவ்வளவு தூரம் இருந்தது? பறவை எங்கே இறங்கினது?” என்ற கேள்விகள் வரும்போது, காட்டுவதற்கு யாரிடம் படம் இருக்கிறது? செல்ஃபி இருக்கிறது. கல்யாண அல்பம் இருக்கிறது. திகதியோடு, ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு மாதமும் எடுத்த கரையின் படம் இல்லை. அதற்குத் தேவை ஒரு பழைய கமரா, ஒரே லென்ஸ், ஒரு பழக்கம். கமரா பிடித்ததைப் பிடித்தபடி வைத்திருக்கிற ரோ கோப்பு நாளைக்கு ஒருவர் “இது சோடிச்ச படம்” என்று சொன்னால் எடுத்து வைக்கக்கூடியது. அதுவும் முழு உண்மை ஆகாது. எங்கே நின்று எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பது நாங்கள்தானே. ஆனாலும் கையில் ஒரு மூலம் இருக்கும்.

இந்த மாவட்டத்தில் படம் இல்லாத வீடுகள் எத்தனை? 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் அல்பங்கள் எங்கே? வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போன தமிழ்க் குடும்பங்களின் சுவர்ப்படங்கள் எங்கே? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியில் இருக்கிற அம்மாமாரின் கையைப் பாருங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்து, அது மங்கி, ஓரம் கிழிந்து, மட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் அந்தப் பிள்ளையின் படம் என்று இருப்பது அது ஒன்றுதான். அந்தப் படத்தைப் பார்த்து “என்ன கமரா?” என்று கேட்க யாருக்காவது வாய் வருமா?

அப்ப என்ன செய்வம்?

நாங்கள் செய்வதைச் சொல்கிறோம். பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் வந்து சண்டை பிடியுங்கள்.

ஒன்று, ஊருக்கு ஒரு கமரா போதும். எங்களுடையது ஒருவருக்கும் சொந்தமில்லை. கொப்பியில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், திரும்பக் கொண்டுவரும்போது படங்களைக் கணினியில் இறக்கவேண்டும். தங்கச்சிமாரிடம் கமரா இரண்டு நாள் கூட இருக்கலாம், ஏனென்றால் அவர்களுக்கு வீட்டு வேலை முடிந்துதான் நேரம் கிடைக்கிறது.

இரண்டு, பழசு வாங்குகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். கடைசியாக எடுத்த படத்தின் கோப்புத் தகவலில் ஷட்டர் எண்ணிக்கை இருக்கும், பாருங்கள். லென்சுக்குள் ரோச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் 16 இல் வானத்தை எடுத்து, கறுப்புப் புள்ளி எத்தனை என்று எண்ணுங்கள். கார்ட் போடும் இடத்தில் கம்பிகள் வளைந்திருக்கிறதா, பற்றறி மூடி பூட்டுகிறதா என்று பாருங்கள். உடலில் மிச்சம் பிடித்த காசை லென்சில் போடுங்கள்.

மூன்று, படத்தோடு பெயரை எழுதுங்கள். ஆள், இடம், திகதி. எடுத்தவரின் பெயர் கடைசியில் வந்தால் போதும். எடுபட்டவரிடம் கேட்டு எடுங்கள், ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நாலு, இரண்டு இடத்திலாவது சேமியுங்கள். ஒன்று எங்கள் ஹார்ட் டிஸ்க், மற்றது வேறொரு வீட்டில். இப்படி வைத்தால்தான், 2005 இலிருந்து எங்கள் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிற நூலகம் மாதிரியான ஆவணகங்களுக்கு நாளைக்கு ஒழுங்காகக் கொடுக்கமுடியும். படம் போனோடு தொலைகிற தலைமுறை நாங்கள். போன் தண்ணிக்குள் விழுந்தால் மூன்று வருஷம் போய்விடுகிறது.

ஐந்து, அச்சடியுங்கள். கயிறும் கிளிப்பும் போதும். வட்ஸ்அப்பில் வந்த படத்தை ஆச்சி ஒரு விரலால் தள்ளிவிடுவா. கயிற்றில் தொங்கிய படத்துக்கு முன்னால் அவ அரை மணித்தியாலம் நின்றா.

அன்றைக்கு விறாந்தையில் தொங்கிய படங்களில் ஒன்று கொஞ்சம் அசைந்தது. ஐஎஸ்ஓ 3,200, பின்னேரம் ஏழு மணி, ஒரு வயோதிபர் வளவு வாசலில் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். அண்ணாவியாரிடம் பழகியவர்களில் ஒருவர் அவர். கை தெளிவில்லை, முகத்தில் மணல் கொட்டியிருக்கிறது. குறையான படம் என்று ஓரத்தில்தான் தொங்கவிட்டிருந்தோம். அவரது மகள் வந்து அந்தப் படத்தைக் கழற்றி, “இத நான் கொண்டு போகட்டே?” என்று கேட்டா. கொண்டு போங்கோ அக்கா என்றோம்.

எங்கள் ஊரின் பேரிலேயே நறுவிலி இருக்கிறது. அந்தப் பழத்தின் பசையால் சின்ன வயதில் கொப்பி ஒட்டாதவர்கள் இங்கே குறைவு. கடையில் பசை இருந்ததா, அது நல்ல பசையா என்று அப்போது ஒருவரும் கேட்டதில்லை. கிழிந்ததை ஒட்டவேண்டும், கிடைத்ததால் ஒட்டினோம்.

அந்த அண்ணாவியாரிடம் பழகிய இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். வாற சனிக்கிழமை போகிறோம். கமரா டி90 தான்.